தெரியுதா?

“அவுட்,” என்று மல்கம் கத்தி, மூன்று செக்கன் கழிந்த பிறகுதான் மெல்பேணிலிருந்து கிளென் கத்தினார்.

“அடேய், அவுட்டா. செத்தாங்கள்.”

மல்கத்தின் கை காற்றிலேயே நின்றுவிட்டது. விக்கெட் விழுந்த சந்தோசத்தை அந்த மூன்று செக்கன் தின்றுவிட்டது.

“கிளென், உனக்குப் படம் பிந்தியா வருது?”

“கொஞ்சம் பிந்தித்தான் வருது. அதுக்கென்ன? பிடிச்சவன் ஆர், ஒட்டகமா?”

ஒட்டகம் என்பது இலங்கை அணியின் நெட்டையன் ஒருவனுக்கு இவர்கள் வைத்த பெயர்.

“ஒட்டகம்தான். ஆனா உன்ட டீவியில அவன் இன்னும் பிடிச்சிருக்க மாட்டான். நான் முந்திச் சொல்லிட்டன்.”

“சொன்னா நல்லதுதானே.”

“என்ன நல்லது? ஒவ்வொரு பந்தையும் உனக்கு முன்னால சொல்லிக் கெடுத்துக்கொண்டிருக்கிறன்.”

“கெடுக்கேல்லடா. நீ சொல்லு. ஸ்கோர் என்ன? கண்ணாடிய எங்கயோ வச்சிட்டன்.”

மல்கம் ஸ்கோரைச் சொன்னார். ஆனால் மனம் அதில் இல்லை.

மட்டக்களப்பில் பறங்கியர் குடியிருக்கும் டச்பாரில் முப்பத்தைந்து வருடமாக றேடியோவும் டீவியும் திருத்துகிறவர் அவர். ஒரு பெட்டி வேலை செய்யாவிட்டால் கவலைப்பட மாட்டார். ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாவிட்டால்தான் அவருக்குச் சோறு இறங்காது. கூடப்பிறந்த கிளென் அவருக்குப் பதினொரு மாதம் மூத்தவர். அவ்வளவு சின்ன இடைவெளிக்கு அண்ணன் என்று கூப்பிடுவது வீண் என்று இரண்டு பேரும் பள்ளிக்கூடக் காலத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

இலங்கை ஆடும் நாட்களில் மட்டும் கிளென் எடுப்பார். மற்ற நாட்களில் இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது. “எப்பிடி?” “இருக்கிறன்.” அதோடு முடிந்துவிடும். ஆட்டம் இருந்தால் மூன்று மணித்தியாலம் போன் சூடேறும். முகம் பார்த்துக் கதைக்கிற அழைப்பு வேண்டாம் என்று கிளென்தான் நிறுத்தியவர். முகத்தையும் அனுப்பி ஆட்டத்தையும் இழுத்தால் லைன் தாங்காது என்றார். மல்கத்துக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு குழாயில் இரண்டு வாளிக்குத் தண்ணீர் பிடித்தால் இரண்டும் மெதுவாகத்தானே நிரம்பும்.

அழைப்பு எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்.

“தெரியுதா?” என்பார் கிளென்.

“தெரியுது. அசையாத,” என்பார் மல்கம்.

அது தொண்ணூற்றாறாம் வருடத்துக் கதை.

உலகக் கிண்ண இறுதி ஆட்டம். டச்பாரில் அன்று கரண்ட் இல்லை. மல்கம் ஒரு லொறி பற்றரியில் பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளை டீவியைப் பூட்டி முற்றத்தில் வைத்தார். நாற்பது பேர் வந்து குந்தினார்கள். படம் வரவில்லை; வெறும் உமிதான் பறந்தது. கிளென் தகரக் கூரையில் ஏறி அன்டெனாக் குழாயைத் திருப்பினார்.

“தெரியுதா?”

“இல்ல.”

“இப்ப தெரியுதா?”

“தெரியுது. அசையாத.”

கையை எடுத்தால் படம் போய்விடும். பிடித்தால் வந்துவிடும். இது மந்திரமில்லை. மனித உடம்பும் ஒரு கம்பிதான். உப்புத் தண்ணீர் நிரப்பிய கம்பி. குழாயைப் பிடித்தபோது கிளெனும் அன்டெனாவில் ஒரு துண்டாகிவிட்டார். முதல் இன்னிங்ஸ் முடிய நான் ஏறுகிறேன், நீ இறங்கிப் பார் என்று மல்கம் வாக்குக் கொடுத்திருந்தார். இன்னிங்ஸ் முடிந்தது. கிளென் ஒரு கையை எடுத்தார். படம் போனது. நாற்பது பேரும் சேர்ந்து, “ஐயோ கிளென், அசையாத,” என்றார்கள். மல்கமும் சொன்னார். அந்தச் சத்தத்தில் தன் குரலும் இருந்ததுதான் இருபத்தெட்டு வருடத்துக்கு மேலாக அவருக்கு மறக்க முடியாமல் இருப்பது.

கடைசி ஓட்டம் வரை கிளென் கூரையில் நின்றார். கீழே நடந்ததை மல்கம் பந்துக்குப் பந்து கத்திச் சொன்னார். இறங்கி வந்தபோது கிளெனுக்குக் கை விறைத்திருந்தது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. மல்கத்தின் மனைவி ஹேசல்தான் வாயில் வைத்துப் பருக்கினாள். “நல்ல மட்ச்,” என்றார் கிளென். இரண்டு வருடத்தில் அவுஸ்திரேலியா போய்விட்டார்.

நாடே பார்த்த ஆட்டம். படத்தைக் கொண்டு வந்தவர் ஒரு பந்தும் பார்க்கவில்லை.

இப்போதும் கிளென் மூன்று செக்கன் பின்னால் நிற்கிறார் என்றால், அவர் இன்னும் கூரையிலேயே நிற்கிற மாதிரி மல்கத்துக்கு இருந்தது.

“ஒரேயொரு பந்து ஹேசல்,” என்றார் மனைவியிடம். “ஒரேயொரு பந்தை நானும் அவனும் ஒரே நேரத்தில பாத்துக் கத்தினாப் போதும்.”

ஹேசல் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். “அவர்ட படம் நிலாவுக்குப் போய்த்தான் வருதோ?”

“நிலாவுக்குப் போய் வந்தாலும் ரெண்டரைச் செக்கன்தான்.”

“அப்ப அதுக்கும் அங்கால எங்கயோ போகுது,” என்றாள் ஹேசல்.

*

மல்கம் யோசித்தார். கிளெனின் படத்தை முந்தச் செய்ய முடியாது. ஆனால் தன் படத்தைப் பிந்தச் செய்யலாம்.

டிஷ்ஷில் வருகிற படம் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே போய் அவ்வளவு தூரம் கீழே வருகிறது. அதற்குக் கால் செக்கன்தான். மிச்சச் சுணக்கமெல்லாம் பூமியில் நடக்கிறது: அனுப்புகிறவன் படத்தைச் சேலை மாதிரி மடித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும், நம் வீட்டுப் பெட்டி அதை மறுபடி விரிக்க வேண்டும். போனில் வருகிற படம் இதைவிட மோசம். அது இடியப்பக் கடை மாதிரி. பத்துத் தட்டு அவித்து அடுக்கிய பிறகுதான் கடைக்காரன் முதல் தட்டைப் பரிமாறுவான். நடுவில் அடுப்பு அணைந்தாலும் பந்தியில் குறை வராது. போனும் படத்தைத் துண்டு துண்டாக வாங்கி அடுக்கிக்கொண்டுதான் முதல் துண்டைக் காட்டும். அதனால் நாற்பது செக்கன் பிந்தும்.

அடுத்த ஆட்டத்துக்கு டிஷ்ஷை நிறுத்தினார். ஹேசலின் போனில் ஆட்டம், தன் போனில் கிளென். நாற்பது செக்கன் பின்னால் போய்விட்டதால், இனிக் கிளென்தான் முதலில் கத்துவார். அந்தக் கத்தலைக் கேட்க ஆசையாக இருந்தது.

முதலில் கத்தியவர் பக்கத்து வீட்டு வினாயகமூர்த்தி.

“போல்ட்,” என்றார் வேலிக்கு அந்தப் பக்கம்.

வினாயகமூர்த்தி தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். இன்னும் றேடியோவில்தான் ஆட்டம் கேட்பார். மடிப்பதும் இல்லை, அடுக்குவதும் இல்லை என்பதால் எல்லாவற்றிலும் முந்தி வருவது றேடியோ. அவர் “போல்ட்” என்றபோது மல்கத்தின் போனில் பந்து வீச்சாளன் பந்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். நாற்பது செக்கனும் மல்கம் ஒரு மனிதன் ஆட்டமிழக்கப் போவதைத் தெரிந்துகொண்டு பார்த்திருந்தார். ஸ்டம்ப் விழுந்தது.

“போல்ட்,” என்றார் களையில்லாமல்.

மூன்று செக்கன்.

“போல்டா? அப்பிடிப் போடு,” என்றார் கிளென்.

மல்கம் தலையைச் சொறிந்தார். நாற்பது செக்கன் பின்னால் போயும் கிளென் அதே மூன்று செக்கன் பின்னால் நின்றார்.

முதலில் வினாயகமூர்த்தியைச் சமாளிக்க வேண்டியிருந்தது. வேலிக்குப் போனார்.

“அண்ணன், சத்தத்தக் கொஞ்சம் குறைக்கலாமா?”

“காது மந்தம் தம்பி. குறைச்சா எனக்குக் கேக்காது.”

மல்கம் கடையிலிருந்து நல்ல ஹெட்போன் ஒன்றைக் கொண்டு வந்து றேடியோவில் குத்தி, அவர் தலையில் மாட்டிவிட்டார். றேடியோ அடங்கியது. ஆனால் காதை மூடிக்கொண்ட மனிதனுக்குத் தன் குரல் தனக்கே கேட்காது. கேட்காததால் கூட்டிக் கூட்டிக் கத்துவான். அதை மல்கம் யோசிக்கவில்லை. அதுவரை விக்கெட் விழுந்தால் மட்டும் கத்திய வினாயகமூர்த்தி, இப்போது அறிவிப்பாளர் சொல்வதையெல்லாம் தானும் திருப்பிச் சொன்னார். வைட் போனாலும் டச்பாரின் தொங்கல் வரைக்கும் கேட்டது.

“அவர் ஆர்?” என்று கேட்டார் கிளென்.

“வினாயகமூர்த்தி அண்ணன். ஹெட்போன் குடுத்தன்.”

கிளென் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

*

அரையிறுதி ஆட்டத்துக்கு மல்கம் தோணியில் போனார்.

கரையில் இருந்தால்தானே மற்றவனின் சத்தம் வரும். வாவியின் நடுவே மீனும் தண்ணீரும்தான். பாலமுனை அசனார் பின்னேரத்தில் வலை போடப் போகிறவர். டீவி ஒன்று திருத்திக் கொடுத்த பழக்கம். தோணியின் நடுப்பலகையில் மல்கம் இரண்டு போனோடு உட்கார்ந்தார்.

“மட்ச் பாக்கவா பாஸ் தோணியில வாறீங்க?” என்றார் அசனார். “வீட்ட சண்டையா?”

“சத்தம் இல்லாத இடம் வேணும்.”

“அப்ப சரி. இஞ்ச ஒரு சத்தமும் இரிக்காது.”

இங்கே மல்கம் செய்த பிழை, ஒரு றேடியோக்காரன் செய்யக் கூடாத பிழை. பின்னேரத்தில் வாவித் தண்ணீருக்கு மேலே உள்ள காற்றுக் குளிர்ந்து கிடக்கும். அதற்கு மேலே சூடான காற்று. சத்தம் மேலே தப்பிப் போகாமல், வளைந்து தண்ணீரை ஒட்டியே ஓடி வரும். வாவியின் நடுதான் ஊரில் எல்லாச் சத்தமும் கேட்கிற இடம்.

இலங்கை அணியில் பேக்கரிப் பொடியன் என்று சகோதரர்கள் பெயர் வைத்த ஒருவன் இருந்தான்; கையில் எப்போதும் மாப் பூசிய மாதிரி சுண்ணாம்பு வெள்ளை. அவன் பந்து போட்டுக்கொண்டிருந்தான். முதலில் கிழக்குக் கரையில் ஓட்டோத் தரிப்பிடம் ஆர்ப்பரித்தது, அது றேடியோ. சில செக்கன் கழித்து மேற்குக் கரையில் தேத்தண்ணிக் கடைகள், அது டிஷ். பிறகு எல்லாம் அடங்கி, நாற்பது செக்கனுக்குப் பிறகு பாலத்தடியில் போனோடு நின்ற இளந்தாரிகள் விசிலடித்தார்கள். அதே நேரம் மல்கத்தின் கையில் இருந்த போனிலும் விக்கெட் விழுந்தது.

அசனார் வலையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“பாஸ், ஒரே ஆளை எத்தினதரம் அவுட்டாக்கிறாங்க?”

“ஒருதரம்தான். மிச்சமெல்லாம் வழியில சுணங்கினது.”

“பாவம் அந்த மனிசன்,” என்றார் அசனார்.

“கிளென், அவுட்,” என்றார் மல்கம் போனில்.

மூன்று செக்கன்.

“பேக்கரிப் பொடியனா?” என்றார் கிளென். பிறகு, “பொறு. அது என்ன சத்தம்? தண்ணியா?”

“வாவியில நிக்கிறன். அசனார்ட தோணியில.”

“போனைத் தண்ணிக்குக் கிட்டப் பிடி,” என்றார் கிளென்.

மல்கம் பிடித்தார். தோணியின் விலாவில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு அதைக் கேட்டார்.

“எந்தப் பக்கம் நிக்கிறாய்? வெளிச்சவீடு தெரியுதா?”

“தெரியுது.”

“வெளிச்சம் எப்பிடி? மஞ்சளா?”

“மஞ்சள்தான். கொஞ்சம் செம்மையும் இரிக்கி. நீ மட்சைப் பாரடா.”

“ஓம், ஓம். பாக்கிறன்.”

பிறகு இலங்கை துரத்தியபோது, கடைசி மூன்று ஓவருக்குள் மல்கம் உணர்ச்சிவசப்பட்டுக் கையை உயர்த்தியதில், ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த போன் வாவிக்குள் போனது. அசனார் எட்டிப் பார்த்தார். சின்ன வெளிச்சம் ஒன்று ஆட்டத்தைக் காட்டிக்கொண்டே கீழே இறங்கி மறைந்தது.

“என்ன நடந்தது?” என்றார் கிளென். “சொல்லு, சொல்லு.”

“எனக்குத் தெரியாதடா. போன் தண்ணிக்குள்ள.”

“கரைச் சத்தம் கேக்குதுதானே. அதை வச்சுச் சொல்லு.”

வேறு வழியில்லை. மல்கம் கரைகளைக் கேட்டுச் சொன்னார். “ஓட்டோக்காரன்கள் சின்னதாக் கத்துறாங்கள், ரெண்டு ஓட்டம் போல. இப்ப மேற்கால ஒரு சத்தமும் இல்ல. வெறும் பந்து. பொறு, பொறு, ரெண்டு கரையும் கத்துது. முடிஞ்சுது. வெண்டுட்டம்.”

மூன்று செக்கன் கழித்து மெல்பேணில் கிளென் கத்தியது, தோணியின் மறு தொங்கலில் நின்ற அசனாருக்கே கேட்டது.

“இதுதாண்டா மட்ச்,” என்றார் கிளென். “இதுதான் நல்ல மட்ச்.”

ஒரு பெரிய டீவியை முன்னால் வைத்துக்கொண்டு இந்த மனிதன் ஏன் தவளை மாதிரி வாவியைக் கேட்டுச் சந்தோசப்படுகிறான் என்று மல்கம் யோசித்திருக்கலாம். அவருக்கு வீட்டில் வேறு யோசனை காத்திருந்தது.

“என்ட போன் எங்க?” என்றாள் ஹேசல்.

“வாவியில.”

“வாவியில எண்டா?”

“ஆழமில்ல. நாலு முழம்தான்.”

அன்றைக்கு இறால் கறி மேசைக்கு வரவில்லை.

*

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. பகல் ஆட்டம், பொழுது படுவதற்குள் முடிந்துவிடும்.

சனிக்கிழமை மல்கம் கிளெனை எடுத்தார். ஆட்டமில்லாத நாளில் எடுப்பது புதுசு. கிளெனின் மகள் றொஷெல்தான் போனைத் தூக்கினாள். அங்கே பிறந்தவள், தகப்பனிடம் கேட்டுப் பழகிய தமிழ். டச்பார்ப் பேச்சு அவுஸ்திரேலிய மூக்கால் வரும்.

“பொறுங்க அங்கிள். டடாவக் கூட்டிக்கொண்டு வாறன். மெதுவாத்தான் வருவார்.”

முழங்கால் வருத்தமாக்கும் என்று மல்கம் நினைத்தார். இருவருக்கும் சீனி வருத்தம் இருந்தது. சீனி வந்தால் எல்லாம் வரும்.

“கிளென், நீ எந்தச் சைட்டில மட்ச் பாக்கிறாய்?”

“மகள் என்னவோ போட்டுத் தாறவள்.”

“கள்ளச் சைட்டா?”

“அப்பிடித்தான் வச்சுக்கொள்ளன்.”

மல்கத்துக்குப் பாரம் இறங்கியது. காரணம் கிடைத்துவிட்டது. கள்ளச் சைட்டில் ஒருவன் திருடி மடித்து, இன்னொருவன் வாங்கி மறுபடி மடித்து அனுப்புவான். ஒரு நிமிடமும் பிந்தும், இரண்டு நிமிடமும் பிந்தும். அப்படியானால் தானும் இரண்டு நிமிடம் பிந்தினால் சரி. டிஷ் பெட்டியில் பென் டிரைவ் குத்தி, ஓடுகிற ஆட்டத்தை நிறுத்தி வைத்து, இரண்டு நிமிடம் கழித்து ஓட விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை யன்னல்களை அடைத்தார். இடுக்குகளில் பழைய சேலைத் துணி திணித்தார். வினாயகமூர்த்தியை வீட்டுக்குள் கூப்பிட்டுப் பின்னறையில் உட்கார்த்தி, ஹெட்போனோடு, வாயைத் திறக்க விடாமல் ஒட்டுகிற தொதல் இனிப்பில் பெரிய துண்டு ஒன்றையும் கொடுத்தார்.

“தெரியுதா?” என்றார் கிளென்.

“தெரியுது. அசையாத.”

இரண்டாவது ஓவரில் முதல் விக்கெட் விழுந்தது. மல்கம் கத்தினார். காத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

“அவுட்டா?” என்றார் கிளென்.

மல்கம் கதிரையில் சாய்ந்துவிட்டார். இரண்டு நிமிடம் என்றால் ஒளி மூன்று கோடி அறுபது இலட்சம் கிலோமீட்டர் போய்விடும். அந்தத் தூரத்தையும் தாண்டி, சொல்லி வைத்த மாதிரி மூன்று செக்கன் பின்னால் நிற்கிறது கிளெனின் படம். முப்பத்தைந்து வருடத்தில் இப்படியொரு பழுதை அவர் கண்டதில்லை.

இன்னிங்ஸ் இடைவேளையில் ஹேசல் தேத்தண்ணி கொண்டு வந்தாள். வேர்த்துக் குளித்திருந்த புருசனையும், அடைத்த யன்னலையும், தொதலோடு மல்லுக்கட்டும் வினாயகமூர்த்தியையும் பார்த்தாள்.

“நான் ஒண்டு கேக்கட்டா? இவ்வளவு வயர் இழுக்கிறதுக்கு, நீங்க வாயை மூடிக்கொண்டு இருக்கலாமே. அவர் பாத்துக் கத்தட்டும். மறுகா நீங்க கத்துங்க.”

மல்கம் கோப்பையைக் கீழே வைத்தார். உலகத்தில் உள்ள எல்லாச் சுணக்கத்துக்கும் மருந்து அதுதான். ஒரு பொத்தானும் வேண்டாம்.

“ஹேசல்,” என்றார், “உனக்குப் புதுப் போன் வாங்கித் தாறன்.”

“அதை எப்பிடியும் வாங்கித்தானே தர வேணும்,” என்றாள் அவள்.

இலங்கை துரத்தியது. கடைசி ஓவருக்குப் பதினொரு ஓட்டம் தேவைப்பட்டது. பெட்டியை முன்னமே நேரடிக்கு மாற்றியிருந்த மல்கம் போனை எடுத்தார்.

“கிளென், கேள். இந்த ஓவரை நான் சொல்ல மாட்டன். வாயே திறக்க மாட்டன். நீ பாரு. நீயே பாத்துக் கத்து. உன்ட சத்தம் கேட்டாப் பிறகுதான் நான் கத்துவன்.”

“வேணாம்டா.”

“வேணும். அண்டைக்கு நான் ஏறுறன் எண்டு சொல்லிட்டு ஏறேல்ல. உன்னக் கடைசி வரைக்கும் கூரையில நிக்க விட்டுட்டன்.”



“அதையா இன்னும் வச்சிருக்கிறாய்,” என்றார் கிளென். “மல்கம், அதெல்லாம் ஒண்டுமில்லடா. நீ சொல்லு. வழமை மாதிரிச் சொல்லு.”

“இண்டைக்கு நீ இறங்கிப் பாரு,” என்றார் மல்கம். ஊர்ச் சத்தம் முந்திப் போய்க் கெடுத்துவிடும் என்று போனின் மைக்கையும் அடைத்தார். இனி கிளென் பேசுவது இவருக்குக் கேட்கும். இங்கே நடப்பது எதுவும் அங்கே கேட்காது.

முதல் பந்து ஒன்று. இரண்டாவது வெறும் பந்து. மூன்றாவதைப் பேக்கரிப் பொடியன் இழுத்து அடித்தான், நான்கு. மல்கம் துவாயைக் கடித்தார். நான்காவதில் ஒன்று. ஐந்தாவதில் இரண்டு ஓடி, மறு தொங்கலில் விழுந்து எழும்பினான். கடைசிப் பந்தில் மூன்று தேவை.

போனில் கிளெனின் மூச்சு மட்டும் கேட்டது.

கடைசிப் பந்து. மட்டை சுழன்றது. பந்து தரையோடு ஓடி, நீட்டிய கைக்கு அங்கால் எல்லைக் கயிற்றைத் தொட்டது.

பின்னறையில் வினாயகமூர்த்தி தொதலைத் துப்பிவிட்டுக் கத்தினார். வாவியின் இரண்டு கரையிலும் வெடி கொளுத்தினார்கள். அடைத்த யன்னலுக்குள்ளாலும் ஊர் உள்ளே வந்தது. ஹேசல் குசினியிலிருந்து ஓடி வந்து மல்கத்தின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். மல்கம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் நிரம்பி, போனையே பார்த்திருந்தார்.

ஒரு நிமிடம் போனது. இப்போது கத்துவான்.

இரண்டு நிமிடம். இதோ, இப்போது.

“மல்கம்,” என்றார் கிளென்.

மல்கம் அசையவில்லை.

“மல்கம், தெரியுதா?”

வெடிச் சத்தம் ஓய்ந்து புகை மணம் உள்ளே வரத் தொடங்கியது. டீவியில் கிண்ணத்தைத் துடைத்து மேசையில் வைத்தார்கள்.

“தெரியுதாடா?” என்றார் கிளென் மூன்றாம் முறை. அது கை விறைத்துப் போன ஒருவனின் குரல். கீழே எல்லாரும் போய்விட்டார்களோ என்று கூரையிலிருந்து கேட்பவனின் குரல்.

பிறகு போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

“அங்கிள், லைன்ல இருக்கிறீங்களா?” என்றாள் றொஷெல், தகப்பனுக்குக் கேட்காத குரலில்.

மல்கம் மைக்கைத் திறந்தார். “இருக்கிறன் மகள். டடா பாத்து முடியட்டும் எண்டுதான் பேசாம இருக்கிறன்.”

“டடாவுக்குக் கண் தெரியாமப் போய் ரெண்டு வருஷம் அங்கிள், டீவி போட்டா உங்கட சத்தம் கேக்காதெண்டு அதையும் போட விட மாட்டார், நீங்க சொன்னாத்தானே அவருக்குத் தெரியும்.”